ஒரு நூல் இடப்பக்கம்

இருபத்துநான்கு மணி நேரம்
பெட்டியைத் திறக்கக் கூடாது.
வெளியே ரீகாவில் மைனஸ் பதினாறு.
உள்ளிருக்கும் ஓவியம்
எங்கள் கூடத்துக் காற்றுக்குப் பழக வேண்டும்,
புது வீட்டில் முதல் நாள் பூனையைப் போல.

லியோனிலிருந்து அதற்குத் துணையாக வந்த ஒதீல்
பெட்டிக்கு எதிரே மடக்கு நாற்காலியில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
அவள் பழகுவதற்கு விதி எதுவும் இல்லை.
பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன்,
அதுவும் வாசலுக்கு வெளியே நிறுத்தி.

எங்களுக்குப் பழக்கம் முதுகுகளோடுதான்.
சுங்க முத்திரை, ஏலக்கடை எண்,
ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு திருகாணி.
ஒருமுறை, துறைமுகத்து அந்திக்குப் பின்னால்
யாரோ பென்சிலில் போட்ட கணக்கு:
உருளைக்கிழங்கு, மண்ணெண்ணெய், பொத்தான் ஆறு.
கூட்டல் தப்பு.
நிலை அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன்
கூட்டல் தப்பு என்பதைத் தவிர.

குன்டார்ஸும் நானும்
பதினோரு வருஷமாகப் பேசிக்கொண்டது
ஏறக்குறைய இவ்வளவுதான்:
தூக்கு.
உன் பக்கம்.
ஒரு நூல் இடப்பக்கம்.
அரை நூல்.
நில்.
நில் என்றேனே.
ரசமட்டத்தின் குமிழி
இரண்டு கோட்டுக்கு நடுவே வந்து நிற்கும்வரை
இருவரும் மூச்சை வேறெங்காவது வைத்திருப்போம்.

அன்றைக்கு அவன் கையுறையைக் கழற்றியபடி சொன்னான்:
"நாளை மதியம் வரை இதைத் தொட முடியாது.
வேனோடு வீட்டுக்கு வருவாயா?
ஸ்கைத்ராவின் சாமான் கொஞ்சம் இறக்க வேண்டும்."
அவன் இதுவரை பேசியதில் மிக நீளமானது இது.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை.
அவள் பொருள்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது,
அவள் கையெழுத்தில், ஸ்டூல் உட்பட.
குன்டார்ஸ் பையிலிருந்து
புது நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி எடுத்தான்.
மெல்லிய தாள், நுரை அட்டை, மூலைக் காப்பு:
அருங்காட்சியகத்தில் எண்ணி வைத்திருப்பவை.
நான் எண்ணவில்லை.

நீள்வட்டக் கண்ணாடி முன் வந்ததும்
பழக்கதோஷம், நான் பென்சிலை எடுத்துவிட்டேன்.
அவனும் சொல்லத் தொடங்கினான்:
"சட்டத்தில் சில்லு. கீழே, வலப்பக்கம். பூனை."
தேதி?
"தெரியாது. பூனை இருந்த காலம்."
பின்பக்கம்?
"ரசம் உரிந்திருக்கிறது, உள்ளங்கை அளவு."
கொஞ்சம் நிறுத்தி,
"பழைய சேதம் என்று எழுது.
பரவவில்லை."

தூக்கினோம்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் தாள் விலகி
கண்ணாடி போகிற போக்கில்
எதிர்வீட்டுக் கதவை, ஒரு குழந்தையின் சறுக்குப் பலகையை,
மினுங்கும் பல்பை, அவன் மோவாயை
அள்ளிக்கொண்டு இறங்கியது.

கீழே வேன் கதவைப் பிடித்தபடி ஸ்கைத்ரா.
தொப்பியில் பனி. என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.
கண்ணாடியை உள்ளே சாய்க்கும்போது
"ஒரு நூல் இடப்பக்கம்" என்ற குரல்
என்னுடையது அல்ல, அவனுடையதும் அல்ல.
எத்தனை அலமாரிக்கு, எத்தனை திரைச்சீலைக் கம்பிக்கு
அந்த வீட்டில் இதே சொல் புழங்கியதோ!
அவன் ஒரு நூல் நகர்த்தினான்.
சரியாக இருந்தது.

பிறகு "ஐந்து நிமிஷம்" என்று மேலே ஓடினான்.
இருபத்தைந்து ஆயிற்று.
ஆணித் துளைக்குப் பட்டி வைத்து
காயும்வரை நின்று
உப்புத்தாள் தேய்த்துவிட்டு வந்திருக்கிறான்.
வாடகை வீடு, யாரும் கேட்கவில்லை.
அவன் கோட்டுக் கையில் வெள்ளைப் பொடி.
ஸ்கைத்ரா அதைத் தட்டிவிடப் போனவள்
கையைத் தன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

மறுநாள் மதியம் பெட்டியைத் திறந்தோம்.
விரிசல் ஏதும் புதிதாக இல்லை. ஒதீல்
டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்து இரண்டு தரம் பார்த்தாள்.
தூக்கு.
உன் பக்கம்.
குமிழி நின்றது.
கையெழுத்துப் போட்டுவிட்டு,
இங்கே சூடாகத்தானே இருக்கிறது என்று வியந்தபடி
அவள் கோட்டைக் கழற்றினாள்.